அந்த 15 புள்ளி எங்கே ஒளிந்திருக்கிறது?

இங்கிலாந்தில் நர்ஸாக வேலை செய்யும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஒரு பெரிய மருத்துவமனையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். இன்னும் நர்ஸ்கள் தொடங்கும் சம்பள நிலையான பேண்ட் 5-தான். பேண்ட் 6-க்கு மூன்று முறை இன்டர்வியூ போனேன். மூன்று முறையும் 'நன்றாகத்தான் செய்தீர்கள், இன்னொருவர் ஒரு படி மேலே இருந்தார்' என்றார்கள். நான் வேலை சொல்லிக்கொடுத்த பெண் இப்போது எனக்கு மேலே. இப்போது நிர்வாகம் என்னைச் சமத்துவக் குழுவில் சேரச் சொல்கிறது. சேரலாமா? நிறப்பாகுபாடு ஊறிப்போன இடம் உண்மையிலேயே மாறுமா, நாலு போஸ்டர் ஒட்டிவிட்டு முடித்துக்கொள்வார்களா?"

மாறும். மாறியதை நானே பார்த்திருக்கிறேன். மாறாமலே கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் இங்கே மருத்துவமனைகளில் தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தவன் நான். உங்களைப் போன்றவர்களோடு எத்தனையோ விசாரணை அறைகளில் உட்கார்ந்திருக்கிறேன். குழுவில் சேருவதா வேண்டாமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் டூட்டிங்கில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதில் இருக்கிறது.

தென் லண்டனில் இருக்கும் டூட்டிங் நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊர். அப்பர் டூட்டிங் சாலையில் முத்துமாரி அம்மன் கோயில், அதைச் சுற்றித் தோசைக் கடைகள், தமிழ் மளிகைக் கடைகள். பக்கத்திலேயே செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவமனையும் அதன் மருத்துவக் கல்லூரியும். 1970களில் அந்தக் கல்லூரிக்கு ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் விண்ணப்பங்கள் வரும். எல்லோரையும் நேரில் அழைக்க முடியாது. முதலில் தாளைப் பார்த்தே பெரும்பாலோரைக் கழிப்பார்கள். மாணவர் சேர்க்கையைக் கவனித்த டாக்டர் ஜெஃப்ரி ஃபிராங்லன், ஒரே மாதிரி விண்ணப்பத்துக்கு ஆளுக்கு ஆள் வேறு வேறு மதிப்பெண் போடுவதைப் பார்த்து, இதைக் கம்ப்யூட்டரிடம் விட்டால் எல்லோருக்கும் ஒரே அளவுகோலாக இருக்கும் என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான். முந்தைய ஆண்டுகளில் தேர்வாளர்கள் எப்படி முடிவெடுத்தார்கள் என்று அலசி, அதையே பின்பற்றும்படி ஒரு நிரலை எழுதினார். 1979-ல் அது தயாரானது. சோதித்துப் பார்த்தபோது நூற்றுக்குத் தொண்ணூறு தொண்ணூற்றைந்து முறை மனிதர்கள் எடுத்த முடிவையே அதுவும் எடுத்தது. 1982 முதல் முதல்கட்டக் கழித்தல் முழுவதும் அதன் கையில்.

விண்ணப்பத்தில் இனம் என்ன என்று கேட்கும் கட்டமே கிடையாது. நிரல் பெயரையும் பிறந்த இடத்தையும் வைத்து ஆட்களை இரண்டாகப் பிரித்தது. பெயர் ஐரோப்பியப் பெயராகத் தெரியவில்லை என்றால் 15 புள்ளி பாதகம். பெண் என்றால் சராசரியாக 3 புள்ளி. அங்கேயே பணியாற்றிய இரண்டு மருத்துவர்கள், மனநல மருத்துவர் ஆக்ரி பர்க்கும் மருந்தியல் துறையின் ஜோ கோலியரும், லண்டன் மருத்துவக் கல்லூரிகளின் சேர்க்கையை ஆராயப்போய் இதில் கை வைத்தார்கள். 1986-ன் கடைசியில் விஷயம் இனச் சமத்துவ ஆணையத்துக்குப் போனது. 1988-ல் ஆணையம் கல்லூரி குற்றம் செய்திருக்கிறது என்று தீர்ப்பு சொன்னது. ஆண்டுக்கு 60 பேர் வரை, பெயருக்காகவோ பெண் என்பதற்காகவோ மட்டுமே இன்டர்வியூ வாய்ப்பை இழந்திருக்கலாம் என்று கணக்கிட்டது.

இதில் என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. அந்தக் காலத்தில் லண்டனின் மற்ற பல மருத்துவக் கல்லூரிகளைவிடச் செயின்ட் ஜார்ஜஸில்தான் ஐரோப்பியர் அல்லாத மாணவர்கள் அதிகம். அப்படியானால் மற்ற கல்லூரிகளில் என்ன நடந்திருக்கும்? அங்கே நிரல் இல்லை, ஆட்கள் மட்டும்தான். அந்த 15 புள்ளி அவர்கள் தலைக்குள் இருந்தது. வருடக்கணக்காகப் பலர் தலைக்குள் இருந்த ஒன்றை ஃபிராங்லனின் நிரல் தெரியாமலே எண்ணாக எழுதிக் காட்டிவிட்டது. அதனால்தான் பிடிபட்டது. எழுதப்படாத இடங்களில் பிடிபடவே இல்லை.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஒவ்வொரு நிறுவனத்திலும் அந்த 15 புள்ளி எங்கோ ஓர் இடத்தில் இருக்கிறது. ஒரு காகிதம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் இடத்தில், யாரோ ஒருவர் ஒரு நிமிடத்தில் 'இவர் சரி, இவர் வேண்டாம்' என்று முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து, எண்ணிப் பார்த்து, முடிவெடுப்பவர் காரணத்தை எழுதியாக வேண்டும் என்று வைத்துவிட்டால் நிலைமை மாறுகிறது. மனங்களைத் திருத்துகிறோம் என்று கிளம்பிய இடங்களில் மாறியதை நான் அதிகம் பார்த்ததில்லை.

பெயர் விஷயம் அத்தோடு முடிந்துவிடவில்லை. சாம் எவரிங்டன், அனீஸ் எஸ்மாயில் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே தகுதி, ஒரே அனுபவம். ஒரு விண்ணப்பத்தில் ஆங்கிலப் பெயர், இன்னொன்றில் ஆசியப் பெயர். 23 மருத்துவமனை வேலைகளுக்கு இப்படி இரண்டிரண்டாக அனுப்பினார்கள். ஆங்கிலப் பெயர்கள் இரண்டு மடங்கு அதிகமாக ஷார்ட்லிஸ்ட் ஆயின. 1993 மார்ச்சில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளிவந்தது. அதற்கு முன்பே, பொய் விண்ணப்பம் அனுப்பினார்கள் என்று போலீஸ் அவர்கள் இருவரையும் கைது செய்துவிட்டது. வழக்கு நடக்கவில்லை. ஆனாலும் பாருங்கள், பாகுபாடு காட்டியவர்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை, அதை அளந்து பார்த்தவர்கள்தான் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஒரு நிறுவனத்தில் வாயைத் திறக்கும் எவருக்கும் இந்த அனுபவத்தில் ஒரு துளியாவது கிடைக்கும். அதையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

அடுத்த மாதம், 1993 ஏப்ரல் 22 இரவு, தென்கிழக்கு லண்டனில் எல்தம் பகுதியின் ஒரு பஸ் நிறுத்தத்தில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின மாணவனை ஒரு வெள்ளை இளைஞர் கும்பல் குத்திக் கொன்றது. சில நாட்களிலேயே அக்கம்பக்கத்தினர் கொலைகாரர்கள் யார் என்று பெயர் சொல்லத் தொடங்கினார்கள். அவனுடைய அம்மா டோரீன் லாரன்ஸ் அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் போலீஸ் நிலையத்தில் ஓர் உயர் அதிகாரியிடம் கொடுத்தார். அவர் பேசிக்கொண்டே அந்தத் தாளைச் சிறிது சிறிதாக மடித்துக்கொண்டே போனதைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அந்தத் தாய் பின்னால் விசாரணையில் சொன்னார். மடித்து மடித்து ஒரு சிறு துண்டாகும்வரை. பெற்ற பிள்ளையை இழந்து இரண்டு வாரமான ஒரு தாயின் முன்னால். மற்றதை எல்லாம் மறந்தாலும் அந்தத் தாளை என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டு பேருக்குத் தண்டனை கிடைக்க 2012 வரை ஆனது. நடுவில், 1999 பிப்ரவரியில், போலீஸ் அந்தக் கொலையைக் கையாண்ட விதம் பற்றி நீதிபதி மெக்பெர்சனின் விசாரணை அறிக்கை வந்தது. நிறுவனத்துக்குள் ஊறிய இனப்பாகுபாடு என்றால் என்ன என்பதை அதுதான் நாடு முழுவதற்கும் புரியவைத்தது. தோலின் நிறம், பண்பாடு, பிறப்பு காரணமாக ஒரு நிறுவனம் கூட்டாகத் தவறி, மக்களுக்குத் தகுந்த சேவையைக் கொடுக்காமல் போவது. அது கெட்ட எண்ணத்தால்தான் வர வேண்டும் என்றில்லை. தெரியாமல் ஒட்டிக்கொண்ட தப்பெண்ணம், அறியாமை, யோசனையின்மை, 'இவர்கள் இப்படித்தான்' என்ற முத்திரை ஆகியவற்றாலும் வரலாம். அதற்குப் பதினெட்டு வருடம் முன், தென் லண்டனின் பிரிக்ஸ்டனில் நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்த ஸ்கார்மன் அறிக்கை இதை ஏற்க மறுத்திருந்தது. மெக்பெர்சன் 70 பரிந்துரைகள் கொடுத்தார். சட்டம் மாறியது. 2000-ல் வந்த இன உறவுச் சட்டத் திருத்தம், பொது நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் சமத்துவத்தை வளர்க்கும் கடமையை விதித்தது. உங்கள் மருத்துவமனைக்கு இன்று இருக்கும் கடமை, 2010 சமத்துவச் சட்டத்தின் 149-ஆம் பிரிவு, அங்கிருந்து வந்ததுதான். அந்தக் குடும்பம் அழுத அழுகையின் பலனில் ஒரு பங்கு உங்களுக்கும் எனக்கும் இருக்கிறது.

சரி, போலீஸ் மாறியதா? 2023 மார்ச்சில் லூயிஸ் கேசியின் அறிக்கை லண்டன் மாநகரப் போலீஸை மறுபடியும் 'நிறுவனத்துக்குள் ஊறிய இனப்பாகுபாடு' என்ற அதே சொல்லால் குறித்தது, இந்த முறை பெண் வெறுப்பையும் தன்பாலீர்ப்பாளர் வெறுப்பையும் சேர்த்து. ஆணையர் மார்க் ரௌலி கண்டுபிடிப்புகளை ஏற்றுக்கொண்டார், அந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டேன் என்றார். 24 வருடத்துக்குப் பிறகும் இப்படி ஏன் என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. எனக்குப் பெரிதாகத் தெரிவது, முடிவெடுக்கும் இடத்தில் எழுத வைத்த கட்டாயம் நீடிக்கவில்லை என்பது. தெருவில் ஒருவரை நிறுத்திக் கேள்வி கேட்டால் அதைப் பதிவு செய்து அவருக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்று மெக்பெர்சன் கேட்டிருந்தார். கொஞ்ச காலம் நடந்தது. 2011-ல், காகித வேலையைக் குறைக்கிறோம் என்று சொல்லி, சோதனை போடாமல் நிறுத்திக் கேட்பதைப் பதிவு செய்யும் தேசியக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். பதிவு செய்தாக வேண்டிய நிறுத்திச் சோதனைகளிலும், 2013-ல் போலீஸ் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்த பதிவுகளில் 27 சதவீதத்தில் நியாயமான காரணமே எழுதப்பட்டிருக்கவில்லை. காரணம் எழுதாவிட்டால் மேலே இருப்பவர் கேட்பதில்லை என்றால், அந்தக் கட்டம் இருந்து என்ன பயன்?

இப்போது நம் வேலையிடத்துக்கு வருவோம். தேசிய சுகாதாரச் சேவையில் நம்மைப் போன்றவர்களின் வரலாறு நீங்கள் வருவதற்கு ரொம்ப முன்பே தொடங்கியது. 1950, 60களில் கரீபியன் தீவுகளிலிருந்து நர்ஸ் படிக்க வந்த பெண்கள் பலரை, என்ன வித்தியாசம் என்று சொல்லாமலே, மூன்று வருடப் பதிவு நர்ஸ் படிப்புக்குப் பதில் இரண்டு வருடப் படிப்பில் சேர்த்துவிட்டார்கள். அந்த இரண்டு வருடத் தகுதிக்கு இங்கே பதவி உயர்வும் கிடையாது, ஊருக்குத் திரும்பினால் மதிப்பும் கிடையாது. தெரிந்துகொண்டபோது பலருக்குக் காலம் போய்விட்டது. பதினோரு வருடம் பேண்ட் 5 என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது அவர்கள் நினைவுதான் வந்தது.

2014-ல் ரோஜர் கிளைன் என்ற ஆய்வாளர், லண்டன் மருத்துவமனை நிர்வாகக் குழுக்களில் வெள்ளையர் அல்லாதோர் எத்தனை பேர் என்று எண்ணினார். ஊழியர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல், நிர்வாகக் குழுக்களில் நூற்றுக்கு எட்டு. அடுத்த ஆண்டே ஊழியர் இனச் சமத்துவ அளவுகோல் என்ற திட்டம் வந்தது. ஒவ்வொரு மருத்துவமனையும் ஒன்பது அளவீடுகளை ஆண்டுதோறும் வெளியிட்டே ஆக வேண்டும். அதில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஒழுங்கு நடவடிக்கை. வெள்ளையர் அல்லாத ஊழியர் ஒருவர் முறையான டிசிப்ளினரிக்குள் இழுக்கப்படும் வாய்ப்பு 2016-ல் வெள்ளையரைப்போல் 1.56 மடங்கு. 2023-ல் 1.03. கிட்டத்தட்ட சமம். இரண்டாவது, ஷார்ட்லிஸ்ட் ஆனபின் வேலை கிடைப்பது. வெள்ளையருக்கு அந்த வாய்ப்பு 2016-ல் 1.57 மடங்கு. 2023-ல் 1.59. அசையவே இல்லை.

ஒரே நாடு, ஒரே மருத்துவமனைகள், அதே மேனேஜர்கள், பாகுபாடு பற்றிய அதே ஆன்லைன் பயிற்சி. ஒன்று இறங்கியது, இன்னொன்று அப்படியே நிற்கிறது. மனம் மாறியதால்தான் முதல் எண் இறங்கியது என்றால் இரண்டாவதும் இறங்கியிருக்க வேண்டுமே?

டிசிப்ளினரியில் என்ன நடந்தது என்று கிட்டத்திலிருந்து பார்த்தவன் நான். முன்பெல்லாம் வார்டு மேனேஜர் ஒருவருக்குக் கோபம் வந்தால், எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல், மறுநாள் சஸ்பென்ஷன் கடிதம். விசாரணை ஆறு மாதம், எட்டு மாதம். கடைசியில் ஒன்றுமில்லை என்று தள்ளுபடி ஆகும், அதற்குள் அந்த ஆள் தூக்கம் கெட்டு, உடம்பு கெட்டு நிற்பார். லண்டனில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு நர்ஸ் 2016-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரை நியாயமாக நடத்தவில்லை என்று தனி விசாரணை சொன்னது. அதன் பிறகு 2019-ல் நாடு முழுவதும் மருத்துவமனைத் தலைமைகளுக்கு வழிகாட்டுதல் போனது. பல இடங்களில் நடவடிக்கை தொடங்குவதற்கு முன்பே ஒரு பட்டியலை நிரப்ப வேண்டும் என்று வந்தது. என்ன நடந்தது? இதே தவறை வேறொருவர் செய்தபோது என்ன செய்தீர்கள்? பேசித் தீர்க்க முடியாதா? பயிற்சி போதாதா? இதை அந்த வார்டோடு சம்பந்தமில்லாத இன்னொருவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் இருந்த ஓர் இடத்தில் இந்தத் தாள் வந்த முதல் சில மாதங்கள் ஞாபகம் இருக்கிறது. ஒரு மேனேஜர் என்னிடமே வந்து, "வேறொருவர் இதையே செய்தபோது என்ன செய்தேன் என்ற கேள்வியில் பேனா நின்றுவிட்டது" என்றார். போன மாதம் ஓர் ஆங்கிலேய நர்ஸ் அதே மருந்துத் தவறைச் செய்தபோது டீ குடிக்கக் கூப்பிட்டுப் பேசி முடித்திருந்தார். நைஜீரிய நர்ஸுக்கு மட்டும் முறையான விசாரணை. அவர் கெட்டவர் இல்லை. அன்றுதான் முதல்முறையாக அவருக்கே தெரிந்தது. அந்த நர்ஸையும் டீக்குத்தான் கூப்பிட்டார். அந்த ஒரு கேள்வியால் எல்லா நிறத்தவருக்கும் நன்மைதான், மொத்த விசாரணைகளே குறைந்தன.

வேலைக்கு எடுப்பதில் இப்படி ஒரு தாள் வரவில்லை. வந்தது போலத் தோன்றும். மதிப்பெண் தாள் இருக்கிறது, மூன்று பேர் குழு இருக்கிறது, எல்லோரிடமும் ஒரே கேள்விகள். ஊழியர் முறையாகக் கொடுக்கும் புகாரைக் கிரீவன்ஸ் என்போம், அப்படி ஒரு கிரீவன்ஸில் அந்தத் தாள்களை வாங்கிப் பார்த்தேன். கேரளத்து நர்ஸ் ஒருவர், மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர். 'தொடர்புத் திறன்' என்ற கட்டத்தில் ஐந்துக்கு இரண்டு. பக்கத்தில் குறிப்பு ஒன்றுமில்லை. வேலை கிடைத்தவர் தாளில் நாலு, 'நம்பிக்கையாகப் பேசுகிறார்' என்று ஒரு வரி. "இவர் சொன்ன எந்தப் பதிலுக்கு இரண்டு போட்டீர்கள்?" என்று கேட்டேன். குழுத் தலைவி தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம். அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. டூட்டிங்கில் அந்த 15 புள்ளி நிரலில் இருந்தது, இங்கே அந்த வெற்றுக் கட்டத்தில் இருந்தது.

அதைவிட முக்கியமானது இன்டர்வியூவுக்கு முன்பே நடப்பது. உங்கள் வார்டில் யாராவது பிரசவ விடுப்பில் போனால், நீண்ட நாள் நோயில் படுத்தால், அந்த பேண்ட் 6 இடத்தை யார் தற்காலிகமாகப் பார்க்கிறார்கள்? 'ஆக்டிங் அப்' என்று சொல்வோமே, அது. விளம்பரம் கிடையாது, இன்டர்வியூ கிடையாது. காபி அறையில் மேனேஜர் ஒருவர் தோளைத் தொட்டு, "ஆறு மாதம் நீ பார்த்துக்கொள்ளேன்" என்பார். ஆறு மாதம் கழித்து நிரந்தர இடத்துக்கு இன்டர்வியூ வரும்போது, 'குழுவை வழிநடத்திய அனுபவத்தைச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு அவரிடம் கதை இருக்கும், உங்களிடம் இருக்காது. மதிப்பெண் நேர்மையாகவே போடப்பட்டிருக்கும். முடிவு ஆறு மாதம் முன்பே காபி அறையில் எடுக்கப்பட்டுவிட்டது. நீங்கள் சொல்லிக்கொடுத்த அந்தப் பெண் எப்போதாவது ஆக்டிங் அப் செய்தாரா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, உங்களுக்குச் சொல்லப்பட்ட 'நன்றாகத்தான் செய்தீர்கள்'. அது அன்பான சொல் போலத் தெரியும். டாக்டர்கள் விஷயத்தில், அவர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் பொது மருத்துவக் கவுன்சில் கேட்டு 2019-ல் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, மருத்துவமனைகள் வெள்ளையர் அல்லாத டாக்டர்களை இரண்டு மடங்குக்கு மேல் அதிகமாகக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்புவதை எடுத்துக்கொண்டு, ஏன் என்று தேடியது. அது கண்ட காரணங்களில் ஒன்று, இவர்களிடம் குறையை முகத்துக்கு நேரே சொல்ல மேலதிகாரிகள் தயங்குகிறார்கள் என்பது. பாகுபாடு காட்டுகிறேன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம், சங்கடம். சின்னக் குறையாக இருக்கும்போது யாரும் சொல்வதில்லை, பெரிதானபின் நேராகப் புகார். இனிமையான பேச்சே தடையாகிவிடுகிறது. மூன்று இன்டர்வியூவிலும் ஒருவர்கூட எந்தப் பதிலில் எத்தனை மதிப்பெண் போயிற்று என்று சொல்லவில்லை என்றால், உங்களுக்குக் கிடைக்க வேண்டிய ஒன்றைப் பறித்திருக்கிறார்கள்.

பயிற்சி வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 708 நிறுவனங்களின் முப்பது ஆண்டுத் தரவை வைத்துச் செய்த ஆய்வு 2006-ல் வந்தது. பயிற்சியால் மேலதிகாரிகளிடையே பன்மை கூடியது மிகக் குறைவு, இதற்கு இன்னார் பொறுப்பு என்று ஓர் ஆளையோ குழுவையோ வைத்த இடங்களில்தான் கூடியது. அரை மணி நேர ஆன்லைன் பாடத்தை முடித்துச் சான்றிதழ் வாங்கியவர், மறுநாள் அதே வெற்றுக் கட்டத்தில் அதே இரண்டைப் போடுவார்.

நம் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும், சங்கடமாக இருந்தாலும். 'தலையைக் குனிந்து வேலையைப் பார், நம் பிள்ளைகள் டாக்டராகிவிடுவார்கள்' என்று நம்மில் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சொல்பவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. விசா, வீட்டுக் கடன், ஊரில் பார்க்கும் கைகள். ஆனால் நம்மவர்கள் மேலே போய்க் குழுவில் உட்காரும்போது, ஆப்பிரிக்க நர்ஸ்களைப் பற்றி அதே முத்திரைகளைக் குத்துவதையும் கேட்டிருக்கிறேன். எனக்கு அது வலிக்கிறது. நம்மைப் போன்ற முகம் நாற்காலியில் உட்கார்ந்ததும் சரியாகிவிடும் என்று இருக்க முடியாது. நாற்காலியில் யார் இருந்தாலும் காரணத்தை எழுத வைக்கும் ஏற்பாடு வேண்டும். நல்ல மேட்ரன் ஒருவரால் ஒரு வார்டு மாறியதைப் பார்த்திருக்கிறேன், அவர் ஓய்வுபெற்ற ஒரு வருடத்தில் பழையபடி ஆனதையும் பார்த்திருக்கிறேன். ஏற்பாடாக வைத்தது மட்டும் அவர் போனபின்னும் இருந்தது.

இனி உங்கள் கேள்வி. குழுவில் சேரலாம், மூன்று விஷயங்களுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு. ஒன்று, கடந்த இரண்டு வருடத்தில் ஒவ்வொரு பிரிவிலும் ஆக்டிங் அப் வாய்ப்பு யார் யாருக்குப் போனது என்ற எண்ணிக்கை குழுவுக்குக் கிடைக்குமா? பெயர் வேண்டாம், இனவாரியாக எண்கள் போதும். இரண்டு, குழு வேலைக்கு உங்கள் வேலை நேரத்திலிருந்து நேரம் ஒதுக்குவார்களா? ஷிஃப்ட் முடிந்து, தூக்கத்தை விட்டு, இலவசமாகச் செய்ய வேண்டும் என்றால் சேர வேண்டாம். வலிக்கிறவர்களே மருந்தையும் அரைத்துக் குடிக்கட்டும் என்பதற்கு ஒப்பானது அது. மூன்று, குழு சொல்வதற்கு எந்த இயக்குநர், எந்தத் தேதிக்குள், நிர்வாகக் குழுவில் பதில் சொல்வார்? பெயரும் தேதியும் வராவிட்டால் அது போஸ்டர் ஒட்டும் குழு. உங்கள் முகம் அந்த போஸ்டரில் வருவதோடு முடிந்துவிடும்.

எண்களைத் தர மறுத்தால் தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி யார் வேண்டுமானாலும் மருத்துவமனையிடம் கேட்கலாம், 20 வேலை நாளில் பதில் சொல்ல வேண்டும். வேறு யாராவது கேட்கட்டும், நீங்களே கேட்க வேண்டும் என்றில்லை.

உங்கள் சொந்த விஷயத்தில் தனியாகப் போகாதீர்கள். யூனியனில் இல்லை என்றால் இன்றே சேருங்கள், ஏற்கெனவே தொடங்கிய பிரச்சினைகளுக்குப் பல யூனியன்கள் உதவாது. புகார் சொன்னதற்காகப் பழிவாங்குவது 2010 சட்டத்தின் 27-ஆம் பிரிவில் தனிக் குற்றச்சாட்டு. அதனால் எதைச் சொன்னாலும் எழுத்தில் சொல்லுங்கள், தேதியோடு. வேலை வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்துக்குப் போக நான் பார்த்த காலமெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவாகத்தான் கெடு. அந்தச் சட்டம் மாறிவருகிறது, உங்கள் யூனியன் பிரதிநிதியிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். மருத்துவமனைக்குள் கிரீவன்ஸ் நடக்கிறதே என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கெடு அதற்காக நிற்காது.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு கடிதம். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்களைப் பற்றிய தகவலை நீங்கள் கேட்கலாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். "நான் கலந்துகொண்ட மூன்று இன்டர்வியூக்களின் என் மதிப்பெண் தாள்களும், குழுவினர் என்னைப் பற்றிக் கையால் எழுதிய குறிப்புகளும் வேண்டும்" என்று இரண்டு வரி போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. பல இடங்களில் அந்தத் தாள்களை ஆறு மாதமோ ஒரு வருடமோதான் வைத்திருப்பார்கள், பிறகு அழித்துவிடுவார்கள். மூன்றாவது இன்டர்வியூ எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். வந்ததும் வெற்றுக் கட்டங்கள் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள்.